பூட்டு நடத்திய சுற்றுலா

"எங்க போகணும் சார்?" என்று பேருந்து ஓட்டுநர் மூன்றாவது முறையாகக் கேட்டபோது, பூட்டு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கைப்பையிலிருந்து ஒட்டிய உறை ஒன்றை எடுத்து நீட்டினார். உள்ளே ஒரே ஒரு வரி இருந்தது: 'மேம்பாலம் வரை நேராக.'

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் அடுத்த உறை."

ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார். முப்பத்தெட்டுப் பேரோடு பேருந்து நேராகப் போயிற்று.

பூட்டு என்பது விண்வெளித் துறை ஓய்வுபெற்றோர் சங்கத்தில் அவருக்கு வைத்த பெயர். முப்பத்துநாலு வருஷம் துறையின் ரகசியப் பிரிவில் இருந்தவர். என்ன வேலை பார்த்தார் என்பது பக்கத்து நாற்காலிக்காரருக்கே தெரியாது. ஓய்வுபெற்ற நாளில் பாராட்டிப் பேச எழுந்த அதிகாரி, "இவர் செஞ்ச சாதனைகளைச் சொல்லணும்னா... சொல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கைதட்டலாமா என்று தெரியாமல் யாரும் தட்டவில்லை. மனிதருக்கு அந்தக் குறை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு தடவையாவது நாலு பேர் கண்ணெதிரே ஒரு காரியத்தை முடித்து, அவர்கள் கைதட்ட வேண்டும். அதை வீட்டுக்காரி பார்க்க வேண்டும்.

சங்கத்தின் ஆண்டுச் சுற்றுலா அவர் கைக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. போன வருஷம் போகும் இடத்தை முன்கூட்டியே அறிவித்தார்கள். உடனே உறுப்பினர்கள் பழக்க தோஷத்தில் ஆய்வுக் கூட்டம் போட ஆரம்பித்தார்கள். பதினோரு வாரம், நாற்பத்தாறு ஆட்சேபணை. பின்சக்கரங்களில் ஒன்று பஞ்சரானால் மற்றதன் மேல் விழும் பாரம் என்ன என்பதற்குத் தனியாக ஒரு துணைக்குழு. கடைசியில் சுற்றுலா காலவரையின்றி ஒத்திவைக்கப்பட்டது. இந்த வருஷமும் நடக்காவிட்டால் சுற்றுலா என்ற பேச்சையே சங்கத்தில் எடுப்பதில்லை என்று தீர்மானமும் போட்டாயிற்று.

"போய்ச் சேர்ற வரைக்கும் இடம் ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. அது உன்னாலதான்யா முடியும்" என்றார் தலைவர். பூட்டுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஏரிக்கரைப் படகுத்துறையைத் தேர்ந்தெடுத்தார். மதியச் சாப்பாட்டுக்கும் அங்கேயே சொல்லிவைத்தார். இடத்தைத் தலைவருக்குச் சொல்லவில்லை. கட்டிய மனைவிக்கும் சொல்லவில்லை.

பேருந்து இரண்டு தெரு தாண்டுவதற்குள் அவர் கண்ணில் ஒரு தூண்டில் பட்டது.

எரிபொருள் பிரிவில் இருந்தவர் அதை மடியில் கிடத்தியிருந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, சும்மா கைக்கு ஒன்று இருக்கட்டுமே என்றார். பின்சீட்டில் துறையின் பழைய வெல்டர் மிதவைச் சட்டை இரண்டு வைத்திருந்தார். ஒன்று போட்டுக்கொள்ள, இன்னொன்று முதலாவது பழுதானால் போட்டுக்கொள்ள. கணக்குப் பிரிவு அம்மாள் ஒரு பை நிறைய ரொட்டித் துணுக்கு கொண்டுவந்திருந்தார். வாத்துக்காக இருக்கும்.

பூட்டு தூண்டிலையும் மிதவைச் சட்டையையும் ரொட்டியையும் கூட்டிப் பார்த்தார்; விடை ஏரி என்று வந்தது. முப்பத்துநாலு வருஷத்தில் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வெளியே போனதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மனைவியிடம் குனிந்தார்.

"விஷயம் எப்படியோ வெளியில போயிருக்கு."

"என்ன விஷயம்?"

"அது உனக்கு வேணாம்."

"அப்ப எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் வேடிக்கை பார்க்கத் திரும்பிவிட்டார்.

கசிந்த திட்டத்தைக் கைவிடு என்பது ரகசியப் பிரிவின் அரிச்சுவடி. இப்படியே விட்டால் அரைமணி நேரத்தில் பின்சீட்டில் ஆய்வுக் கூட்டம் கூடிவிடும். பூட்டு மீதி உறைகளையெல்லாம் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவசரத்துக்கு என்று மனத்தில் வைத்திருந்த இடம் ரயில் அருங்காட்சியகம். ஓட்டுநர் காதருகே போய், மேம்பாலம் இறங்கியதும் இடதுபக்கம் என்று கிசுகிசுத்தார். ஓட்டுநர் தலையாட்டினார்.

அதற்குள், ராக்கெட்டுகளுக்குத் திசை சொல்லும் வழிகாட்டுப் பிரிவில் இருந்தவர் ஜன்னல் வழியே நிழலின் நீளத்தைப் பார்த்துத் திசையைக் கணிக்கத் தொடங்கியிருந்தார். பூட்டு எல்லாத் திரைச்சீலைகளையும் இழுத்துவிட்டார். ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த திரையையும் விடவில்லை. பிறகு ஒரு பையை நீட்டிக் கைபேசிகளைக் கேட்டார். அலுவலக வாசலில் ஆயுசு முழுக்கக் கொடுத்துப் பழகியவர்கள், மறுபேச்சில்லாமல் போட்டுவிட்டார்கள்.

இப்போது வெளியே இருப்பது யாருக்கும் தெரியவில்லை. அவருக்கும்தான். மேம்பாலம் சுற்றிச் சுற்றி இறங்கியதில் இடமும் வலமும் குடலுக்கே விளங்கவில்லை. பூட்டு கைக்கடிகாரத்தைப் பார்த்து, பழைய ஞாபகத்தை வைத்து, எட்டு நிமிஷத்தில் வலது, பதினைந்து நிமிஷத்தில் இடது என்று திரைக்கு இந்தப் பக்கமிருந்தே உத்தரவு போட்டார். ஒவ்வொன்றுக்கும் "சரிங்க சார்" என்று பதில் வந்தது.

காற்றில்லாமல் உள்ளே புழுங்கியது. தலைவர் சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றினார். ஒருவருக்குக் குமட்டியது. வழிகாட்டுப் பிரிவுக்காரர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, உடம்பு எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்பதை வைத்துக் கணக்குப் போட்டு, பேருந்து ஏரிக்குப் போகிறது, எண்பத்தேழு சதவீதம் நிச்சயம் என்று அறிவித்தார். பூட்டுக்கு அன்று முதல் தடவையாக மனசு நிறைந்தது. எவ்வளவு பெரிய நிபுணரை ஏமாற்றியிருக்கிறோம்.

"சாப்பாடு எத்தனை மணிக்கு?" என்று மனைவி கேட்டார்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சாப்பாடு ஏரிக்கரையில் இருக்கிறது. அதோடு இன்று திங்கட்கிழமை, அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. பூட்டிய கதவுக்கு முன்னால் வயதானவர்கள் முப்பத்தெட்டுப் பேர் பசியோடு நிற்பார்கள். அடுத்த வருஷம் சுற்றுலாவே கிடையாது.

பூட்டு கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். 

"எல்லாரும் என்னை மன்னிக்கணும். ஏரிக்குத்தான் கூட்டிட்டுப் போறதா இருந்தேன். இடம் தெரிஞ்சுபோச்சேன்னு பாதியில மாத்திட்டேன். இப்ப நாம வேற எங்கேயோ வந்துட்டோம்."

அவர் வாயிலிருந்து இப்படி ஒரு விவரம் வந்து யாரும் கேட்டதில்லை. வழிகாட்டுப் பிரிவுக்காரர் மட்டும் தம் எண்பத்தேழில் மாற்றமில்லை என்றார்.

பேருந்து நின்றது. கணக்குப் பிரிவு அம்மாள் திரையை விலக்கினார். வெளியே ஏரி. படகுகள் வரிசையாகக் கட்டியிருந்தன. மரத்தடியில் மேஜை போட்டு, சாப்பாடு தயாராக இருந்தது.

எல்லோரும் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். பிறகு தலைவர் கைதட்டினார். "ஏரிக்கரையில நின்னுக்கிட்டே ஏரி இல்லன்னு சாதிக்கிறான் பாருங்கய்யா, இவன்தான் ரகசியப் பிரிவு" என்றார். மொத்தப் பேருந்தும் தட்டியது. மனைவியும் தட்டினார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

முப்பத்துநாலு வருஷம் காத்திருந்த சத்தம். பூட்டுக்குச் சந்தோஷத்தோடு குழப்பமும் சேர்ந்துகொண்டது. எல்லோரும் இறங்கும்வரை பொறுத்திருந்து, திரையை விலக்கி ஓட்டுநரிடம் போனார்.

"நான் இடதுன்னுதானே சொன்னேன்?"

ஓட்டுநர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "காலையில நான் கேட்டதெல்லாம் சும்மா ஒப்புக்குத்தான். நீங்க என்ன சொன்னாலும் தலையாட்டிட்டு ஏரிக்கே விடச்சொல்லி உங்க வீட்டம்மா, நாலஞ்சு பேருக்கு இடத்தைச் சொன்ன கையோட, எனக்கும் முந்தாநாளே போன் பண்ணிட்டாங்க சார், முப்பத்துநாலு வருஷமா நீங்க தூக்கத்துல எல்லாத்தையும் விவரமா சொல்லிடுவீங்களாமே" என்றார்.