குவாலிட்டி மாப்பிள்ளை

“ரிஜெக்ஷன் எவ்ளோ வருதுங்க தம்பி?”

பெண்ணின் அப்பா ராமப்பன் கேட்டதில் தப்பே இல்லை. பெண் பார்க்க வந்த பையன் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறான் என்றால் ஓசூர்க்காரர் வேறு எதைக் கேட்பார்? அதிலும் அவர் ஸ்டோர்ஸ் இன்சார்ஜாக இருந்து ரிட்டயரானவர். பொய்யைச் சொன்னது சென்றாயனின் அம்மா மாதேஸ்வரி. மாட்டிக்கொண்டு முழித்தது சென்றாயன்.

“பாதிக்கு மேல போயிருங்க” என்றான்.

ராமப்பன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். “பாதியா? அப்பறம் கம்பெனி எப்படிங்க ஓடுது?”

“எங்க லைன்ல அது நல்ல கணக்குங்க.”

“ரீவொர்க் பண்ண மாட்டீங்களா?”

“ரீவொர்க்கே கெடையாதுங்க. தானாத் தேறி வந்தாத்தான் உண்டு. நாம பொறுமையாப் பாத்துக்கினு இருக்கணும், அவ்ளோதான்.”

பாத்துக்கினு இருப்பதற்குச் சம்பளம் தரும் கம்பெனி எதுவென்று தெரிந்துகொள்ளும் ஆவல் ராமப்பனுக்கு வந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். “எந்தக் கம்பெனி, சொல்லுங்க தம்பி. சிப்காட்ல நமக்கு ஆளு இல்லாத கேட்டே கெடையாது.”

மாதேஸ்வரி தாம்பாளத்தில் இருந்த கொய்யாப்பழத்தை உற்றுப் பார்த்தாள். இனி அவளிடமிருந்து உதவி வராது என்று சென்றாயனுக்குப் புரிந்தது.

அவன் வேலை பார்ப்பது ஒரு கருத்தரிப்பு மருத்துவமனையில். குழந்தை தங்காத தம்பதிகளுக்காகக் கருவை உண்டாக்கி, கண்ணாடித் தட்டில் வைத்து, அம்மாவின் வயிற்றுக்குப் போகும்வரை காவல் காப்பவன். கருவுக்கு வாசனை ஆகாது. அதனால் சென்ட், பவுடர் எதுவும் இல்லாமல், துக்க வீட்டுக்குப் போகிறவன் மாதிரிதான் இன்றைக்கும் வந்திருந்தான். இந்த வேலையால் ஏற்கெனவே சில சம்பந்தங்கள் கைவிட்டுப் போயிருந்தன. குழந்தையில்லாதவர்கள் ஆஸ்பத்திரியில் இருப்பவனுக்குக் குழந்தை பிறக்குமா என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். இன்னொரு வீட்டுப் பெரியவர் அவனைத் தனியாக அழைத்து, “நம்ம பொண்ணுக்கு மட்டும் ஆம்பளப் புள்ளயாப் பாத்து வெச்சிருங்க” என்றார். அது குற்றம் என்று இவன் சொன்னதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகுதான் மாதேஸ்வரி மகனைக் குவாலிட்டி பிரிவுக்கு மாற்றினாள்.

ஆனால் இந்த முறை சென்றாயனுக்கே ஆசை வந்திருந்தது. பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று அவன் சொன்னபோது, கதவோரம் நின்ற பெண் ஹரிணி மட்டும் சிரித்தாள். கிண்டலாகச் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பை இழக்க அவனுக்கு மனசில்லை. பொய்யில் தொடங்கவும் மனசில்லை.

“கம்பெனி இல்லீங்க. ஆஸ்பத்திரி. குழந்தையில்லாதவங்களுக்குக் கரு வளக்கற லேப்புல இருக்கேன்.”

ராமப்பனின் கை போனோடு அப்படியே நின்றது. சமையலறை வாசலில் அவர் மனைவி ஜோதிமணி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த அமைதியைத் தாங்க முடியாத ஒரே ஆள் சென்றாயனின் தாய்மாமன் கமலக்கண்ணன். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர். எந்தச் சரக்கையும் இரண்டு மடங்காக்கிப் பேசியே பழக்கம்.

“அது லேசுப்பட்ட வேலைன்னு நெனச்சிராதீங்க. ஒரு மகராசி கருமுட்டைய தானமாக் குடுப்பா. இன்னொரு மகராசி அதச் சொமந்து பெத்துக்குவா. நடுவுல எல்லாம் நம்ம மாப்ள கையி. ரோட்ல போற புள்ள மூஞ்சியப் பாத்தாலே இது எப்படி வந்த புள்ளன்னு சொல்லிருவான், அப்பேர்ப்பட்ட கண்ணு.”

அண்டப்புளுகு. அப்படிச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் அம்மாவின் பொய்யை உடைத்த கையோடு மாமாவின் பொய்யையும் உடைத்தால் குடும்பத்தில் மிச்சம் என்ன இருக்கும்? சென்றாயன் அடக்கமாகப் புன்னகை செய்துவைத்தான். வாழ்க்கையில் அவன் செய்த மோசமான புன்னகை அதுதான்.

“ஹரிணி, நீ உள்ள போம்மா” என்றார் ராமப்பன். பிறகு யாரையும் பார்க்காமல், “யோசிச்சு சொல்றோமுங்க” என்றார்.

மறுநாளே கமலக்கண்ணன் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். “உனக்கே ஏதோ கோளாறு, அதனாலதான் அங்க போய் வேலைக்கிச் சேந்துக்கினன்னு நெனைக்கறாரு மாப்ள. நான் சரி பண்றேன்.”

மருமகன் தடுப்பதற்குள் போன் போட்டுவிட்டார். “ஒரு சந்தேகமும் வெச்சிக்காதீங்க. பையனுக்கு முழு டெஸ்ட் எடுத்துக் காட்டிர்றோம். நாங்க ஓரவஞ்சன பண்ற ஆளுங்க இல்ல, பொண்ணுக்கும் சேத்தே எடுத்துரலாம்.”

“பொண்ணுக்கு என்னத்துக்குங்க டெஸ்ட்டு?”

“செலவு எங்களுது. இப்பல்லாம் ஒரு சொட்டு ரத்தம் போதும், அப்பன் ஆத்தா வம்சமே வந்து நிக்கும்.”

லைன் கட்டானது. “டவர் கெடைக்கல” என்றார் கமலக்கண்ணன்.

இனி மாமாவை நம்பிப் பயனில்லை என்று சென்றாயன் தானே பேசினான். ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்து கண்ணால் பார்த்துவிட்டு, அப்புறம் வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று கெஞ்சினான். கடைசியில், “வரேன்” என்றார் ராமப்பன்.

வந்தவர் வெயிலே இல்லாத வரவேற்பறையில் வேர்த்துக் கொட்டி உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் கன்னடமும் தெலுங்கும் தாழ்ந்த குரலில் கேட்டன. கர்நாடகத்து ஆனேக்கல்காரர்கள் சொந்தக்காரர் கண்ணில் படாமலிருக்க ஓசூருக்கு வருவார்கள். ஓசூர்க்காரர்கள் அதே காரணத்துக்காகப் பெங்களூருக்குப் போவார்கள். எல்லையிலிருக்கும் அத்திப்பள்ளியில் இரண்டு தரப்பும் முகத்தைத் திருப்பிக்கொண்டு எதிரும் புதிருமாகக் கடக்கும்.

சென்றாயன் அவரைச் சுற்றிக் காட்டினான். தானம் கொடுப்பவர் ஆயுளில் ஒரே முறைதான் கொடுக்கலாம், அவர் யாரென்று பெறுகிறவருக்குச் சொல்ல மாட்டோம், சுமந்து பெற்றவள்தான் சட்டப்படியும் அம்மா என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். அவர் தலையை மட்டும் ஆட்டினார். ரிக்கார்டு அறை வந்ததும்தான் வாயைத் திறந்தார்.

“இதெல்லாம் எத்தன வருசத்துக்கு வெச்சிருப்பீங்க?”

ஸ்டோர்ஸ்காரருக்கு உயிர் வந்துவிட்டது என்று சென்றாயன் குளிர்ந்துபோனான். “ஒரு பேப்பர்கூட காணாம போவாதுங்க. எப்ப நடந்ததா இருந்தாலும் கேட்டா நிமிசத்துல எடுத்துரலாம்” என்று கொஞ்சம் கூட்டியே சொன்னான். ராமப்பன் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

அந்த நேரம் பார்த்து லேபிலிருந்து அழைப்பு வந்தது. தட்டில் இருந்த கரு யாரோ ஒருத்தியின் கடைசி நம்பிக்கை. அதைக் காக்கவைக்க முடியாது. வருங்கால மாமனாரைக் காக்கவைத்துவிட்டு ஓடினான்.

திரும்பி வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. ராமப்பன், தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் ஜெபசீலியின் அறையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. இவனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

தானம் பெற வருகிறவர்கள் எல்லோருக்கும் ஜெபசீலி முக்கியமாக மூன்று சொல்வாள். தானம் கொடுத்தவரைத் தேடாதீர்கள். குழந்தையிடம் மறைக்காதீர்கள். மாமியாரிடம் இப்போதைக்கு மறையுங்கள்.

“அவர எதுக்கு மேடம் உள்ள கூப்பிட்டீங்க?”

“தண்ணிய வாங்கி வெச்சிட்டு குடிக்காமயே உக்காந்திருந்தாரு. பேஷன்ட்டோட வீட்டுக்காரருன்னு நெனச்சேன்.”

“அவரு என்னோட வருங்கால மாமனாரு.”

ஜெபசீலி நெற்றியில் கை வைத்தாள். “எல்லாருக்கும் சொல்றதத்தான் அவருக்கும் சொன்னேன்.”

“அதுக்கு அவரு என்ன சொன்னாரு?”

“ரூமுல பேசுனது ரூமோட, சென்றாயன். உங்களுக்குத் தெரியாததா?”

தெரிந்ததுதான். எத்தனையோ குடும்பங்களின் ரகசியத்தை அவனும் அப்படித்தான் காத்திருக்கிறான். கதவுக்கு வெளியே நிற்கிறவன் பாடு இன்றைக்குத்தான் தெரிந்தது.

சாயந்திரமே ராமப்பனிடமிருந்து செய்தி வந்துவிட்டது. ‘இந்தச் சம்பந்தம் சரிப்படாதுங்க. மன்னிக்கணும்.’ கமலக்கண்ணன் நேரில் போய்ப் பேசட்டுமா என்று கேட்டார். மாதேஸ்வரியே முதல் ஆளாக வேண்டாம் என்றாள். சென்றாயனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஒரே ஒரு சிரிப்பைப் பார்த்ததற்கு இத்தனை துக்கமா என்று தன்மேலேயே கோபம் வந்தது. துக்கம் என்னவோ குறையவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹரிணியே கூப்பிட்டாள். மூக்கண்டப்பள்ளியில் ஒரு பேக்கரிக்கு வரச் சொன்னாள். போனபோது இரண்டு டீ ஏற்கெனவே மேசையில் இருந்தன. ஷிப்டு முடிந்தவர்கள் கும்பலாக நின்று பப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். பின் மேசையில் யாரோ பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு படித்தார்கள்.

“எங்கப்பா வேணாம்னு சொன்னதுக்கு நீங்க காரணம் இல்லீங்க” என்று ஆரம்பித்தாள். அப்புறம் நிறுத்தினாள். “அதுக்கு முன்னாடி ஒண்ணு. என் மூஞ்சிய நல்லாப் பாத்துச் சொல்லுங்க. என்னா தெரியுது?”

சென்றாயன் பார்த்தான். இவ்வளவு பக்கத்தில் இப்போதுதான் பார்க்கிறான்.

“ரொம்ப அழுதிருக்கீங்க. அது தெரியுது.”

“வேற?”

“சிரிச்சா உங்கம்மா ஜாடை. கேள்வி கேக்கறது அப்படியே உங்கப்பா.”

“அவ்ளோதானா? உங்க மாமா என்னென்னமோ சொன்னாரே.”

“அது பொய்ங்க.” சொன்னதும் அவனுக்கு மூச்சு லேசாக வந்தது. “தட்டுல இருக்கற கருவு நாளைக்கு என்னா ஆவும்னே எனக்குச் சொல்லத் தெரியாது. பொறந்து வளந்து எதுத்தாப்புல உக்காந்திருக்கற மனுசங்களப் பாத்து எவனாலயும் சொல்ல முடியாது. அன்னிக்கே சொல்லியிருக்கணும். நீங்க கெடைக்காம போயிருவீங்களோன்னு சும்மா இருந்துட்டேன்.”

ஹரிணி டீயைத் தள்ளி வைத்தாள். பிறகு அன்றைக்குக் கதவோரம் நின்று சிரித்த மாதிரியே சிரித்துவிட்டு, பின் மேசைப் பக்கம் திரும்பினாள்.

“அப்பா, பேப்பர மடிச்சிட்டு இங்க வாங்க. யாரோ ஒரு மகராசி குடுத்த கருமுட்டையில நான் பொறந்தேன்னு தொழில் தெரிஞ்ச இவருக்கே தெரியல, ஊருல வேற எவனுக்குத் தெரியப்போவுது?”