பாரிசுப் பிள்ளைக்கு ஒன்பது பொருத்தம்

செல்வரட்ணம் மாமாவுக்கு, மருமகன் சேயோன் எழுதுவது.

நேற்று, 2025 ஒக்டோபர் 12, ஞாயிறு, காலை 10.17. இடம் ஜெர்மனியில் லைப்சிக். ஆட்கள் ஒன்பது, தட்டங்கள் ஏழு, பெண் ஒன்று, வயது எண்பத்துநான்கு. உங்கள் முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததாக அம்மா சொன்னா, சந்தோசம்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. நானும் மிதுஷாவும் கலியாணம் கட்டவேண்டும், பொருத்தம் பாராமல் ஏலாது என்று அம்மா நிற்கிறா, பாரிசில் உங்கள் சாத்திரியாரிடம் பார்த்துச் சொல்லுங்கோ என்றேன். மிதுஷா தன் சாதகத்தை அனுப்பும்போது, தான் தங்கி வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இருக்கிற பிரெஞ்சுப் பாடகி ஒடெத் அம்மையாருக்குக் கோயில் ஐயர் எழுதிக்கொடுத்த சாதகத்தையும் அதே உறைக்குள் வைத்தாள். இன்னொருமுறை மேடை ஏறுவேனா என்று அறிய அந்த மனுசிக்கு ஆசை. நீங்கள் இரண்டையும் என்னோடு பொருத்திப் பார்த்துவிட்டு அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தீர்கள்: "மிதுஷாவுக்கு மூண்டுதான், விட்டிடுங்கோ. மற்றப் பிள்ளை ஒடெத்துக்கு ஒன்பது! பாரிசில பிறந்தது, பாடும், நடிக்கும் எண்டு பின்னால எழுதியிருக்கு, வயசு இருபத்துநாலு. ரெண்டும் ஒரே விலாசம்." சாதகத்தில் 'விசு வருடம்' என்று மட்டும்தானே இருந்தது? மாமா, தமிழ் வருடம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும். 2001 விசு. 1941உம் விசு. நான் வாகனம் பரிசோதிக்கிறவன். அறுபது வருடம் பிழைவிட்டால் என்னை வேலையால் நிற்பாட்டிவிடுவார்கள்.

அம்மா இதொன்றும் சொல்லாமல் எனக்கு விலாசத்தை மட்டும்தான் தந்தா. மிதுஷா தங்கியிருக்கும் இடம், ஆகவே அம்மா மனம் மாறிவிட்டா என்று நம்பி, ஐந்து மணித்தியாலம் வாடகை வானை நானே ஓட்டினேன், விசிலடித்துக்கொண்டு.

கதவைத் திறந்தது சீருடையில் மிதுஷா. அம்மா அவளைத் தாண்டி எட்டிப் பார்த்து, "பிள்ளை ஒடெத் எங்கை?" என்றா. மிதுஷா தட்டங்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்ச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். உதட்டுச் சாயம், இறகுத் தொப்பி. மனுசி தன் வரலாற்றை ஆதியிலிருந்து தொடங்கியது, மிதுஷா வரிக்கு வரி தமிழில் சொன்னாள். சலவைக்காரியின் மகள். பத்தொன்பது வயதில் நிலவறை மதுச்சாலையில் முதல் பாட்டு. பதினொரு படம், அதில் எட்டுப் படத்தில் பாதியிலேயே செத்துப்போகிற வேடம். புருசன்மார் நாலு: ஒருவர் செத்தார், ஒருவர் ஓடினார், ஒருவர் தாயிடம் திரும்பிப் போனார், கடைசி ஆள் லைப்சிக்கில் எக்காளம் ஊதினவர். நாலாம் புருசனில் கமலநாயகி பெரியம்மா தட்டத்தைக் கீழே வைத்தா.

பெண் பார்க்கப் போனால் பாடச் சொல்வதுதானே வழக்கம். திகைப்பில் அம்மாவுக்கு அதுதான் வாயில் வந்தது: "பிள்ளை ஒரு பாட்டுப் பாடுவாவோ?"

பாடினா, மாமா. நாலு பாட்டு. இல்லத்தில் நடக்கக்கூடியவர்கள் எல்லாரும் வந்தார்கள், ஏலாதவர்களைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இரண்டாவதில் குரல் உடைந்தது, மிதுஷா கையைப் பிடித்தாள், திரும்பத் தொடங்கினா. அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா. முடிந்ததும் ஒடெத் அம்மையார் என்னை ஒருமுறை சுற்றித் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டு ஜெர்மனில் ஏதோ சொன்னா. மிதுஷா அதை மொழிபெயர்க்கவில்லை. நான்தான் பெயர்த்தேன்: "பொடியன் பரவாயில்லை. ஆனா வந்ததிலயிருந்து இவளைத்தான் பார்த்துக்கொண்டு நிக்கிறான்."

"அது எனக்கும் தெரியுது," என்றா அம்மா. "ஆனா மூண்டு மூண்டுதான், தம்பி."

எண்பத்துநாலு வயதுக்கு ஒன்பது காட்டும் கருவியை எங்கள் வேலைத்தலத்தில் குப்பையில் போடுவோம். சாதகம் சுத்தப் பொய். உங்கள் சாத்திரியாருக்குக் கணக்குத் தெரியாது. உங்களுக்குக் கூட்டலே வராது. இதை அம்மாவிடம் நீங்களே சொல்லி என் கலியாணத்தைக் காப்பாற்றுங்கோ.

மாமிக்கு என் அன்பு. முழங்காலை மடக்காதேங்கோ.

கோபத்தோடும் மரியாதையோடும்,
சேயோன்

பி.கு.: இப்போதுதான் மிதுஷா அழைத்தாள். இரண்டு சாதகத்தின் பின்னாலும் பெயரும் விபரமும் எழுதியது அவள்தானாம். மாற்றி எழுதிவிட்டாளாம். அவளும் விசு வருடம், 2001. ஒன்பது அவளுடையது, உங்கள் வயதுக் கணக்கும் சரி. மூன்று ஒடெத் அம்மையாருடையது, கேள்விப்பட்டு அவ கோபமாம். ஆகவே இனிச் செய்யப்போவது:

1. சாதகம் பிழையில்லாத விஞ்ஞானம் என்று இன்றே அம்மாவிடம் சொல்வேன்.
2. மிதுஷாவின் தாய் தகப்பன் வீட்டுக்கு அதே ஏழு தட்டம். பலகாரம் மட்டும் புதிது, பழையதை முதியோர் இல்லம் முடித்துவிட்டது.
3. கலியாண மண்டபத்தில் ஒடெத் அம்மையாருக்கு மேடை போடுவேன், சக்கர நாற்காலி ஏறுகிற சரிவுப்பாதையோடு. அவ கேட்ட அந்தக் கேள்விக்குச் சாத்திரியார் தேவையில்லை.