ரெண்டு ரூபா ஏட்டு

அன்று காலை எங்கள் தெருவில் அப்பா இருந்தார், கஞ்சி தெளிக்கச் சாமுவேல் மாமா இருந்தார், நான் இருந்தேன். இருக்க வேண்டிய ஏட்டுதான் இல்லை.

ஆரணியில் லஞ்சம் வாங்காத போலீஸ்காரர் யாரும் இருந்தாரா, எனக்குத் தெரியாது. ஆனால் வாங்கிய லஞ்சத்துக்கு ஏட்டைப் போல உண்மையாக உழைத்தவர் உலகத்திலேயே கிடையாது. இப்போதெல்லாம் ஒரு கையெழுத்துக்காக ஆபீஸ் ஆபீஸாகப் படியேறி, கொடுத்தும் காரியம் நடக்காமல் அலுத்துத் திரும்பும்போது அவர் ஞாபகம்தான் வருகிறது.

எதுவானாலும் அவர் ரேட் இரண்டு ரூபாய். அரிசி ஏறியது, மண்ணெண்ணெய் ஏறியது, ஏட்டு ஏறவில்லை. ரைஸ் மில்காரர் ஒருமுறை பத்து ரூபாய் நீட்ட, மீதி எட்டை அவர் கையிலேயே திணித்து, "இன்னா மொதலாளி, என்னை லஞ்சம் வாங்கறவன்னு நெனச்சிகினியா?" என்று கத்தினார். விளக்கில்லாத சைக்கிளில் போன வாத்தியாரிடம் இரண்டு ரூபாய் வாங்கியவர், வாத்தியார் வீடு வரைக்கும் டார்ச் அடித்துக்கொண்டே மூச்சிரைக்கக் கூட ஓடினார்.

எங்கள் தெருவுக்கும் மாதம் இரண்டு ரூபாய்தான். வீட்டுக்கு வீடு முறை வைத்துக் கொடுப்போம். தறியில் ஏற்ற வேண்டிய நீள இழைகளை, அதாவது பட்டுப் பாவு, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்துக் காயவைப்போம். ஈரத்தில் சுருட்டினால் இழையெல்லாம் ஒட்டி நாசம். காயும்வரை எந்த வண்டியும் நுழையாதபடி, தெருமுனையில் சைக்கிளைக் குறுக்கே போட்டு ஏட்டு உட்கார்ந்துகொள்வார்.

அன்று விரித்த பாவின் கூலிதான் எனக்குக் காலேஜ் ஃபீஸ். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் தாண்டப்போகிற முதல் ஆள் நான். கஞ்சி தெளித்து முடித்த நேரம், புது இன்ஸ்பெக்டரின் ஜீப் வந்து நின்றது.

"சுருட்டுய்யா."

"ஈரமா கீதுங்க. பட்டு பாழாயிடுங்க," என்றார் அப்பா.

"அப்ப இருபது ரூபா எடு."

அப்பா கையை விரித்தார். ஜீப் உறுமிக்கொண்டு பாவின் பக்கம் நகர்ந்தது.

எங்கிருந்தோ ஏட்டு வந்தார். தலையில் தொப்பி இல்லை, ஒரு கன்னத்தில் சோப்பு நுரை. சலூனிலிருந்து பாதி சவரத்தில் எழுந்து வந்திருக்கிறார். சைக்கிளை ஜீப்புக்கு முன்னால் தள்ளிவிட்டு சல்யூட் அடித்தார்.

"வண்டி போவாது சார்."

"என்கிட்டயே சட்டம் பேசறியா?"

"சட்டம் இல்ல சார், மாமூலு. இவங்ககிட்ட துட்டு வாங்கிட்டேன். இப்ப வுட்டுட்டா நாளிக்கி நம்ம டிபார்ட்மெண்ட நம்பி எவன் சார் குடுப்பான்?"

தறிச் சத்தம் நின்றது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஜீப் வந்த வழியே பின்னோக்கிப் போயிற்று. சாமுவேல் மாமா "ஸ்தோத்திரம்" என்றார். அப்பா மட்டும் முகம் செத்து நின்றார். அந்த மாதம் எங்கள் வீட்டு முறை. அப்பா இன்னும் கொடுத்திருக்கவில்லை.

அந்த வாரமே ஏட்டைப் படவேட்டுக்குத் தூக்கியடித்தார்கள். கூலி கைக்கு வந்ததும் அப்பா என்னிடம் இரண்டு ரூபாயைக் கொடுத்து அனுப்பினார்.

"இதுக்கா இம்மாந்தூரம் வந்த? உங்கப்பனோட ஒரே பேஜாருடா," என்று சலித்தபடியே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "காலேஜி சேந்துட்டியா?"

"சேந்துட்டேங்க."

அதே இரண்டு ரூபாயை எடுத்து எனக்கு வயிறு முட்ட இட்லி வாங்கிக் கொடுத்தார். சாயங்கால பஸ் வரும்வரை கூடவே நின்றார். வந்த பஸ் நிற்காமல் போய்விடுமோ என்று ரோட்டில் சைக்கிளைக் குறுக்கே போட்டார்.

ஆக, என்னைக் காலேஜில் சேர்த்ததற்கு ஏட்டு எங்களிடம் வாங்கியதை நானே தின்றுவிட்டேன். எங்களுக்கு ஆன செலவு, போக வர பஸ்ஸுக்கு ஒரு ரூபாய் எண்பது காசு.