ரெண்டு தோசைக்கு எரநூத்தி எம்பத்தாறு!

அன்னிக்கு வேலை நொம்ப சிம்பிள். ஊட்டுல ரெண்டு கேழ்வரகு தோசை சாப்பிட்டு, எங்கூரு கொட்டச்சேட்டுல பஸ் ஏறி, சாப்பிட்டதுலருந்து ரெண்டு மணி நேரம் கழிச்சு ஏற்காடு ஆஸ்பத்திரியில சுகர் பாக்கணும். அவ்வளவுதான்.

எனக்கு ஏழாம் மாசம். புள்ளையோட சேந்து சுகரும் வந்துருச்சு. சாப்பாட்டுல அடங்கலேன்னா இன்சுலின்தான்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. ஊசின்னா நான் தைரியசாலி. ஓட மாட்டேன், நின்ன எடத்துலயே மயங்கிருவேன்.

அதனால ஒரு மாசமா பத்தியம். சர்க்கரை டப்பாவைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்குவேன்.

துணைக்கு எங்கூட்டுக்காரரு. பஸ் வளைவுல திரும்புனா அவருக்கு வயித்தைப் புரட்டும்.

"ஏம்புள்ள, ஒரு ஆரஞ்சு உரிச்சுக் குடு."

உரிச்சேன். அடுத்த வளைவுக்கு இன்னொண்ணு. மூணாவதையும் முழுங்கிட்டு என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டாரு.

நான் ஒரு சுளை தொட்டு வாயில வெக்கலீங்க! மோந்து பாத்தேன். ஒரே ஒரு தடவை. சரி, நாலு தடவை.

ஆஸ்பத்திரியில சிஸ்டர் விரல்ல குத்தி மிசினைப் பாத்தாங்க. மூஞ்சி மாறிருச்சு.

"எரநூத்தி எம்பத்தாறு! என்ன கண்ணு சாப்பிட்ட?"

"ரெண்டு தோசைங்க சிஸ்டர்!"

"தோசையா, லட்டா?"

புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு வயித்தைப் புடிச்சுக்கிட்டேன்.

"ஏனுங்க, நீங்களாச்சும் சொல்லுங்க!"

மனுசன் நல்லா யோசிச்சாரு. "நான் தூங்குனப்போ என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க சிஸ்டர்."

அடப்பாவி!

"குலசாமி சத்தியமா ஒண்ணும் திங்கலீங்க!"ன்னு சிஸ்டர் மூஞ்சிக்கு நேரா கைய நீட்டுனேன்.

அவங்க மூக்கை உறிஞ்சுனாங்க. "என்ன வாசம் இது? ஆரஞ்சா?"

"இவருக்கு உரிச்சேங்க."

"அப்புறம் கையக் கழுவுனியா?"

"...இல்லீங்க."

சிஸ்டர் தலையில அடிச்சுக்கிட்டாங்க. "விரல்ல ஒட்டுன ஆரஞ்சுச் சாறையும் சேத்துல்ல மிசின் காட்டியிருக்கு! போயி சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா சாமி!"

கழுவுனேன். ஆபரேஷனுக்குப் போற டாக்டராட்டம் முழங்கை வரைக்கும் கழுவுனேன். பயப்படாம இன்னொரு விரலை நீட்டுனேன்.

நூத்திப் பன்னண்டு!

சந்தோசத்துல சிஸ்டரைக் கட்டிப் புடிக்கப் போனேன். என் வயிறு முந்திக்கிட்டுப் போயி அவங்களை இடிச்சிருச்சு.

"எனக்கு அப்பவே தெரியும், எம்பொண்டாட்டி திருட்டுத்தனமா திங்க மாட்டாள்னு!"ன்னாரு எங்கூட்டுக்காரரு.

சுகர் பாக்கப் போற புள்ளைத்தாச்சிங்களே, முதல்ல கையைக் கழுவுங்க. புருசனைக் கை கழுவுறதப் பத்திப் பிரசவத்துக்கு அப்புறம் யோசிச்சுக்கலாம்.