கேட்டுக்கு ஆள் கேட்ட கதை

மரியாதைக்குரிய மச்சான் ரகுநாத் அவர்களுக்கு, ஆவுடையப்பன் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் தங்கச்சி சுகுணாவும் நானும் சுகம். புதுக்கோட்டையில் உங்கள் மூட்டுவலி தணிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நம் கடற்கரை ரயில் பாதையின் வரலாறு என்று நீங்கள் எழுதும் புத்தகத்தின் அச்சுக்கு முந்திய பிரதி வந்தது. உப்பு மூட்டை ஏற்றிய காலம், சின்ன வண்டி ஓடிய காலம் எல்லாம் சரி. கடைசி அத்தியாயம்தான் இடிக்கிறது. 'மனுக் கொடுத்து ரயில்வே கேட்டுக்குக் காவலர் பெற்றது ஊரின் வெற்றி' என்கிறீர்கள். மனுவை எழுதியது நீங்கள், முதல் கையெழுத்து நான். வெற்றியா மச்சான் அது? அகலப் பாதை போட்டபோது நம்மூர் ஸ்டாப்பை எடுத்துவிட்டார்கள். ஆனால் கேட்டுக்கு ஆள் இல்லாததால் வண்டி நிற்கும், வண்டியிலேயே வரும் ஆள் இறங்கிக் கேட்டைப் பூட்டுவார், வண்டி தாண்டி மறுபடி நிற்கும், அவர் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார், அதற்குள் நம் மீன்காரம்மாக்கள் கூடையோடு ஏறிவிடுவார்கள். பஸ்ஸில் கூடையைக் கண்டாலே கண்டக்டர் விசில் ஊதுகிறார், அவர்களுக்கு வேறு வழி ஏது? நாம்தான் வெளியூர்க்காரன் சிரிக்கிறான், சரக்கு லாரி காத்துக் கிடக்கிறது என்று ரோஷப்பட்டு மனுப் போட்டோம். ஆள் வந்தார். வண்டி நிற்காமல் பறக்கிறது. கட்டுமாவடி மீனோடு என் கடை வாசலில் வந்து நின்ற மீன்காரம்மா ராக்காயி, "கேட்டுக்கு ஆளு கேட்டீங்க, வந்துருச்சு. எங்களுக்கு வண்டி கேக்க யாரு இருக்கா?" என்றாள். கூட வந்த நூர்நிஷா, "விடுக்கா, அவுகளுக்கு மீனு வாசலுக்கே வருதுல்ல" என்று ஊசி குத்தினாள். நான் வியாபாரி. ரயில் என்ன வேகத்தில் போகிறது என்பதைவிட எங்கே நிற்கிறது என்பதுதான் எனக்கு வரலாறு.

ஆகவே 'வெற்றி'யை அடித்துவிட்டு, நடந்ததை என் பெயரோடு அச்சடியுங்கள். ஸ்டாப் கேட்டுப் புது மனுவும் எழுதுங்கள், இந்தத் தடவை சுருக்கமாக.

அக்காவுக்கு என் வணக்கம். பேத்திக்கு எல்லா நலமும் சேரட்டும்.

இப்படிக்கு,
ஆவுடையப்பன்

பி.கு.: கவரை ஒட்டும் முன் கேட்டுப் பக்கம் ஒரே சத்தம். தண்டவாளத்தைத் தாண்டும் ரோட்டில் யாரோ தவிட்டைச் சிந்தியிருக்கிறார்கள், ஊர் ஆடெல்லாம் அங்கே. ஆட்டை விரட்டிக் கேட்டைப் பூட்டினால்தான் சிக்னல் விழுமாம். வண்டி நின்றது. கூடைகள் அத்தனையும் ஏறிவிட்டன. பிறகு கேட் காவலர் கடைக்கு வந்தார். "தவுடு விக்கிறீங்களாண்ணே?"

"எல்லாக் கடையிலயும்தான் விக்கிறாங்க."

"இந்த ஊருல ஒரு கடைதானே இருக்கு?"

டீ வாங்கிக் கொடுத்தேன். மச்சான், புத்தகத்தில் ஓர் எழுத்தையும் மாற்றாதீர்கள். புது மனு வேண்டவே வேண்டாம், எந்த அதிகாரியும் இங்கிட்டு எட்டிப் பார்க்கக் கூடாது. வெற்றி என்றே இருக்கட்டும்.