மேடையேறிய மைதானம்

மைதானம் என்பது விளையாடுவதற்காக இருக்கிறது என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தவர்களில் தையற்கடைக்காரரும் ஒருவர். மாலையில் கடையைப் பூட்டியதும் அரைக்கால் சட்டையை மாட்டிக்கொண்டு, ரொட்டிக்கடைக்காரர், மின்சார வேலை பார்க்கும் மச்சான், இன்னும் தெருவில் ஓடினால் உயிரோடு திரும்பக்கூடிய சிலர் எனக் கூட்டம் சேர்த்துக் கால்பந்து ஆடுவார். பந்து ஒரு பக்கமும் தொப்பை ஒரு பக்கமுமாகப் போகும். ஆனாலும் அந்த ஒரு மணி நேரம்தான் அவருக்கு நாள். மற்றதெல்லாம் பொத்தான் தைப்பது.

அப்படியிருக்கையில் நகராட்சியின் அறிவிப்பு வந்தது. முறையான போட்டி எதுவும் நடைபெறாத மைதானம் பயன்பாடற்ற நிலமாகக் கருதப்பட்டு, ஆண்டு முடிவில் வாகன நிறுத்துமிடமாக மாற்றப்படும்.

தையற்கடைக்காரர் மைதான அதிகாரியிடம் ஓடினார்.

"ஐயா, நாங்க தினமும் ஆடுறோமே!"

"ஆடுறீங்க, சரி. ரசீது இருக்கா?"

"ஆடுறதுக்கு எதுக்குங்க ரசீது?"

"அப்போ ஆடலைன்னுதானே அர்த்தம்?" அதிகாரி அன்பாகவே சொன்னார். "ஒரு போட்டி நடத்துங்க. கோப்பை, வரவேற்புரை, நன்றியுரை எல்லாம் இருக்கட்டும். நான் நேர்ல வந்து பார்த்து எழுதிட்டா மைதானம் பிழைச்சுது."

அப்போது, ஆடுகிறவர்கள் சேர்ந்து வைத்திருந்த சங்கத்தின் நிதிநிலைமை, பந்துக்குக் காற்றடிக்கும் அளவுக்கு உறுதியாக இருந்தது. ஆகவே தையற்கடைக்காரர் இரும்புக்கடை முதலாளியைப் போய்ப் பார்த்தார்.

"தர்றேன். மேடையில எனக்கு நாற்காலி உண்டுல்ல?"

"மேடையே இல்லீங்களே."

"மேடை இல்லேன்னா நான் கொடுத்தது யாருக்குத் தெரியும்? வலது கை கொடுக்கிறது இடது கைக்குத் தெரியக்கூடாதும்பாங்க. ஊருக்குத் தெரியக்கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா?"

நியாயம்தான். மேடை போடப்பட்டது. முதலாளி கொடுத்த பணம் முழுவதும் மேடைக்கே சரியாகிவிட்டதால், பந்துக்கும் கோப்பைக்கும் பல் டாக்டரை அணுக வேண்டியதாயிற்று. அவருக்கும் நாற்காலி வேண்டும். அதுவும் இரும்புக்கடைக்காரரின் முழங்கை இடிக்காத தூரத்தில். மேடையை நீட்டினார்கள். டாக்டரின் பணம் அந்த நீட்டலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. பிறகு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்காரர். பிறகு அவரைவிடத் தான் என்ன குறைச்சல் என்ற மரக்கடைக்காரர்.

"மாமா, நாற்காலிக்கு வர்ற பணம் அந்த நாற்காலியைப் போடுற இடத்துக்கே போயிடுது" என்றான் மச்சான்.

"தெரியுதுடா. அதான் இன்னும் நாலு பேரைப் பார்க்கணுங்கிறேன்."

மனைவி மட்டும் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "கல்யாணச் செலவுக்கு மாப்பிள்ளையையே அடகு வெச்ச கதையா இருக்கு."

மேடை எல்லைக்கோட்டைத் தாண்டியது. பந்தல்காரர் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு கேட்டார்: "அண்ணே, இதுக்கு மேல போனா கோல் கம்பத்தைப் பிடுங்கணும். பிடுங்கட்டுமா?"

"பிடுங்குப்பா. கம்பமா நன்கொடை தருது?"

ஆட்டமும் காலத்துக்கேற்ப வளைந்து கொடுத்தது. அணிக்குப் பதினொருவர் என்பது ஏழானது, ஏழு ஐந்தானது. ஒரு கோல் மேடைக்கடியில் போனதும், இருக்கிற ஒன்றையே இரு அணிகளும் முறை வைத்துக்கொண்டன. அதுவும் ஒலிபெருக்கிக்காரருக்குக் குழாய் கட்டத் தேவைப்பட்டபோது செயற்குழு கூடி யோசித்தது. சொந்தமாக விசில் வைத்திருந்த ஒரே காரணத்தால் நடுவரான பேருந்து நடத்துநர் வழி சொன்னார்: "காசு சுண்டிப் போடுறதும் கால்பந்துல ஒரு பகுதிதானே? அதோட நிறுத்திக்கலாம்."

"அப்போ நாங்க எதுக்கு பூட்ஸ் போட்டுக்கிட்டு வரணும்?" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"வெறுங்காலோட வந்தா போட்டிக்கு மரியாதையா இருக்காதுல்ல?" என்றார் தையற்கடைக்காரர். சொன்ன பிறகு அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனால் மைதானம் பிழைக்க வேண்டுமே.

போட்டி நாளும் வந்தது. மதில் சுவருக்கும் மேடைக்கும் நடுவே எஞ்சிய சந்தில், மதிலோரத் திண்டின்மீது, பெயர் கொடுத்திருந்த எட்டு அணிகளும் ஒருக்களித்து நின்றன. பார்வையாளர்களுக்கு இடமில்லாததால், மேடையில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் கைதட்டிக்கொண்டார்கள். இரும்புக்கடை முதலாளி, இரண்டு பேர் தூக்கிவிட எழுந்து நின்று, தேகப்பயிற்சியின் அவசியத்தை விளக்கினார். எட்டு உரைகளுக்குப் பின் நடுவர் விசிலடித்து நாணயத்தைச் சுண்டினார். அது பலகை இடுக்கில் விழுந்து மேடைக்கடியில் மறைந்தது. மேடையைப் பிரித்தால்தான் முடிவு தெரியும். பிரித்தால் முன்வரிசை மனம் புண்படும். எனவே நாணயம் கிடைக்கும்வரை கோப்பை முன்வரிசையிலேயே இருப்பதென ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.

மைதான அதிகாரி இறங்கி, சந்தில் முளைத்திருந்த புல்லைத் தடவிப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"எத்தனையோ போட்டி பார்த்திருக்கேன். ஒரு புல்லுகூட மிதிபடாத போட்டி இதான்!"

அங்கேயே ஒலிபெருக்கியில் அறிவித்தார். இது முன்மாதிரி மைதானம். வாகன நிறுத்துமிடத் திட்டம் கைவிடப்படுகிறது. மேடை நிரந்தரமாக்கப்படுகிறது. மேடையின் பாதுகாப்பைக் கருதி, மாலை நேரங்களில் பந்து விளையாடுவது இன்றுமுதல் தடைசெய்யப்படுகிறது.

மேடை அதிரக் கைதட்டினார்கள். அடுத்தது நன்றியுரை. தையற்கடைக்காரர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். நாற்காலி வரிசைப்படி எல்லாருக்கும் நன்றி சொன்னார்.

கூட்டம் கலைந்ததும் ரொட்டிக்கடைக்காரர், மண் படாத பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, இனிமே ஆட முடியாதாமே?"

"ஆமாப்பா."

ரொட்டிக்கடைக்காரர் பூட்ஸை மேடை ஓரத்தில் வைத்தார். "அப்போ ஒண்ணு பண்ணுங்க. அடுத்த வருஷம் எனக்கும் ஒரு நாற்காலி போட்டுடுங்க. பணம் கட்டிடுறேன்."

தனக்குக் கோபம் வரும் என்றுதான் தையற்கடைக்காரர் எதிர்பார்த்தார். ஆனால் அதற்குள் அவர் கை, சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, ரொட்டிக்கடைக்காரரின் இடுப்பைச் சுற்றிவிட்டது.

"கொஞ்சம் திரும்பு," என்றார். "முன்வரிசையா, பின்வரிசையா?"