பேசினால்தான் காபி

"போனை இதுல போடு. அப்புறம் உள்ள வா."

பாண்டெலிஸ் தன் காபிக்கடை வாசலில் மத்தி மீன் பெட்டி ஒன்றை ஏந்திக்கொண்டு நின்றார். கழுவித்தான் வைத்திருந்தார். ஆனாலும் மத்தி மத்திதானே.

யோர்தானிஸ் மூக்கைப் பொத்திக்கொண்டார். "என்னப்பா இது, சோதனைச் சாவடியா?"

"எட்டு வருஷமா தினம் ஏழு பேர் வர்றீங்க. ஏழு பேரும் ஆடு மேயற மாதிரி குனிஞ்ச தலை நிமிராம போனைத் தேய்க்கிறீங்க. மனுஷன் மூஞ்சிய மனுஷன் பார்த்துப் பேசத்தானே காபிக்கடை? எங்கப்பா காலத்துல..."

அப்பா காலம் முடிவதற்குள் யோர்தானிஸ் பின்னால் மற்ற ஆறு பேரும் வரிசை கட்டிவிட்டார்கள். வேறு வழி? கிரீஸில் எங்கள் கவாலா துறைமுகம் முழுக்கத் தேடினாலும் பாண்டெலிஸ் காபிக்கு ஈடு கிடையாது. ஏழு போனும் பெட்டிக்குள் விழுந்தன.

கடை ஓடுவதே இந்த ஏழு பேரை நம்பித்தான். எல்லாம் ஓய்வுபெற்ற கிழங்கள். சுற்றுலாக் கூட்டம் துறைமுகத்தின் அந்தக் கோடியில் இருக்கிற, கண்ணாடிச் சுவர் வைத்த காபிக்கடைக்குப் போய்விடும். பாண்டெலிஸின் மனைவி காலமாகி நாலு வருஷம். "இந்த ஏழும் போயிட்டா நான் அடுப்போடதான் பேசணும்" என்று அவரே சொல்வார்.

சரி, போன் போயிற்று. பேச்சு வந்ததா? ஏழு பேரும் சுவரைப் பார்த்தார்கள். ஒரு மணி நேரம் உறிஞ்சவேண்டிய காபியை மூன்றே மடக்கில் முடித்தார்கள்.

"ஏதாவது பேசுங்கடா!"

"காத்து பலமா இருக்கு" என்றார் அர்கிரிஸ், கடமைக்கு.

"இதெல்லாம் ஒரு காத்தா? நான் கப்பற்படையில இருந்தப்போ அடிச்சது பாரு..." பாண்டெலிஸ் உட்கார்ந்துவிட்டார். முக்கால் மணி நேரம் கழித்து அந்தக் காற்று ஓய்ந்தபோது எதிரில் அர்கிரிஸ் மட்டும்தான் இருந்தார். அவருக்கு முட்டிவலி, சட்டென்று எழுந்து ஓட முடியாது.

'கூச்சப்படறானுங்க. அவ்வளவுதான்' என்று முடிவு கட்டினார் பாண்டெலிஸ். மறுநாள் காலையிலேயே சிப்புரோ சாராயப் புட்டியைத் திறந்தார். "இன்னிக்கு எல்லாருக்கும் என் உபயம்!"

அங்கேதான் மனுஷன் கோட்டை விட்டார். எங்கள் ஊரில் ஒருவர் வாங்கிக் கொடுப்பதை வேண்டாமென்றால் அவமானம். பதிலுக்கு வாங்கிக் கொடுக்காமல் எழுந்தால் அதைவிட அவமானம். பாண்டெலிஸ் ஒரு சுற்று ஊற்றினார். யோர்தானிஸுக்கு ரோஷம் வந்து ஒரு சுற்று. அவரே கொடுக்கும்போது அர்கிரிஸ் சும்மா இருந்தால் குடும்ப மானம் என்னாவது? பதினொரு மணிக்குள் எட்டுச் சுற்று.

பேச்சு வந்தது. வராமல் என்ன!

"எழுபத்தெட்டுல உன் தங்கச்சிய எனக்குத் தரமாட்டேன்னு ஏன்டா சொன்னே?" என்று யோர்தானிஸ் தேம்பினார்.

"நான் எங்கடா சொன்னேன்? அவளேதான் சொன்னா!" என்றார் அர்கிரிஸ்.

"உண்மை எனக்குத் தெரியும்" என்று நடுவில் புகுந்தார் பாண்டெலிஸ். "அவ இவன் காதைப் பார்த்துப் பயந்துட்டா."

பகடைப் பலகை பறந்தது. ஜன்னல் உடைந்தது. யாரோ போய்ச் சொல்ல, யோர்தானிஸின் மனைவி செருப்பும் கையுமாக வந்து நின்றாள்.

"எந்தத் தங்கச்சிய்யா அது? வீட்டுக்கு நட. பேசிக்கலாம். மூஞ்சிய பார்த்தே பேசிக்கலாம்!" போகிற போக்கில் பாண்டெலிஸுக்கும் ஒன்று வைத்தாள்: "தேமேன்னு போனை நோண்டிக்கிட்டிருந்த மனுஷனை இப்படி ஆக்கிட்டியே, நாசமாப் போறவனே!"

அதற்கெல்லாம் அசருகிற ஆளா பாண்டெலிஸ்? மூன்றாம் நாள் புதுச் சட்டம் போட்டார். "ஆளுக்கு மூணு நிமிஷம். நான் தலைமை தாங்கறேன்."

தலைமையுரையே பதினொன்றேகால் வரை போயிற்று. யோர்தானிஸ் கழிப்பறைக்கு என்று எழுந்தார். வெகுநேரமாகியும் காணோமென்று ஒருவர் தேடப் போனார். அவரைத் தேட இன்னொருவர். முட்டிவலியையும் பாராமல் கடைசியில் அர்கிரிஸும் தேடப் போனார்.

நாலாம் நாள் ஒருவரும் வரவில்லை. ஐந்தாம் நாளும் வரவில்லை. பாண்டெலிஸ் வழக்கம்போல ஏழு காபி போட்டார், ஆறிய பிறகு ஒவ்வொன்றாகக் கொட்டினார். 'போனாவது மண்ணாவது, வச்சுக்கட்டும். எனக்கு ஆளுங்க இருந்தா போதும்' என்று மேலங்கியை மாட்டிக்கொண்டு அவர்களைத் தேடிக் கிளம்பினார்.

அந்தக் கோடியிலிருந்த கண்ணாடிக் கடையை நெருங்கும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது. ஏழு பேரும் ஒரே மேசையில். ஒருவர் கையிலும் போன் இல்லை. யோர்தானிஸ் அர்கிரிஸின் தோளில் கை போட்டு ஏதோ சொல்ல, மேசையே குலுங்கியது.

பாண்டெலிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆகா, நான் போட்ட விதை முளைத்துவிட்டது! கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"அப்படிப் பேசுங்கடா! இதைத்தானே நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்! எங்கப்பா காலத்துல..."

சிரிப்பு பட்டென்று நின்றது. ஏழு கைகள் சட்டைப்பைக்குள் போயின. ஏழு போன் வெளியே வந்தன. தலைகள் குனிந்தன, விரல்கள் விறுவிறுவென்று ஓடின.

பாண்டெலிஸுக்கு ஆறவில்லை. தட்டோடு போய்க்கொண்டிருந்த பரிமாறும் பெண் மெல்போவை நிறுத்தினார். "பார்த்தியாம்மா இந்த அநியாயத்தை? பக்கத்துல இருக்கிறவனை விட்டுட்டு, ஊர் பேர் தெரியாத எவன்கூடவோ இவனுங்களுக்கு அப்படி என்னதான் பேச்சு?"

"ஊர் பேர் தெரியாதவங்களா? இவங்க ஏழு பேரும் எட்டு வருஷமா ஒருத்தருக்கொருத்தர்தான் எழுதிக்கிறாங்க. வாய்விட்டுப் பேசினா நீங்க ஆரம்பிச்சிடுவீங்களாமே, மாமா!"